உதட்டுக்குப் பொருந்திய சொல்

டிக்கெட் கவுன்ட்டரில் சகாயராணி வாயைத் திறக்கவில்லை. ‘உள்தாழ்’ என்று எழுதியிருந்த சுவரொட்டியைக் காட்டி ஒரு விரலை மட்டும் நீட்டினாள். கண்ணாடிக்குள் இருந்த பெண் ஏறிட்டுப் பார்த்தாள், இந்த வயதில் இந்தப் படத்துக்குத் தனியாகவா என்பதுபோல. அப்படி இல்லாமலும் இருக்கலாம், திங்கட்கிழமைக் காலையின் அலுப்பாகக்கூட இருக்கலாம். ஊமை என்று நினைத்திருப்பாள். நினைத்துக்கொள்ளட்டும். சாலிகிராமத்திலிருந்து இரண்டு பஸ் மாறி ஆவடிப் பக்கம்வரை வந்ததே தெரிந்தவர்கள் யார் கண்ணிலும் படக்கூடாது என்றுதான். ஆனால் சீட்டில் உட்கார்ந்த பிறகு யோசித்தால் சிரிப்பாக இருந்தது, எந்த ஊரில் அவளை யாருக்குத் தெரியும், இருபத்திரண்டு வருஷமாகக் கதாநாயகிகளுக்குக் குரல் கொடுத்துப் பிழைக்கிறவளின் முகத்தை யார் பார்த்திருக்கிறார்கள். முகம் பத்திரமாகத்தான் இருக்கிறது. பயமெல்லாம் தொண்டையைப் பற்றி. பஸ்ஸில் கண்டக்டரிடம்கூட ஊர்ப் பெயரை வாய்க்குள் முணுமுணுத்துத்தான் சீட்டு வாங்கினாள். வெள்ளிக்கிழமை படம் வந்ததிலிருந்து இப்படித்தான் நடமாட்டம். சனிக்கிழமை மளிகைக் கடையில் துவரம்பருப்பு கால் கிலோ என்று சொன்னபோது பில் போடுகிறவர் சட்டென்று நிமிர்ந்தார், எங்கேயோ கேட்டதுபோல, எங்கே என்று பிடிபடாததுபோல. அவள் பருப்பை வாங்காமலேயே திரும்பி வந்துவிட்டாள். வீட்டில் பருப்பு இன்னும் இல்லை. இன்றைக்காவது வாங்க வேண்டும். அரங்கம் பாதிக்கு நிறைந்திருந்தது, கல்லூரிக்கு மட்டம் போட்ட கூட்டம் முன்வரிசைகளில், நடுவில் சில ஜோடிகள், ஓரமாக இரண்டு பெண்கள், பின்னால் சத்தம் போடுவதற்கென்றே வந்த ஒரு வரிசை. அந்த வரிசைக்கு முன்னால்தான் அவளுக்கு இடம் கிடைத்திருந்தது.

ஆறாவது நிமிடத்தில் அவள் குரல் வந்தது. திரையில் சைத்ரா ஜன்னல் கதவைத் தள்ளித் திறந்து, “மழை விட்டுடுச்சா?” என்று கேட்டாள். உதடு சைத்ராவுடையது, கேட்டது சகாயராணி. சைத்ராவுக்கு இருபத்துநாலு வயது, ஹாசன் பக்கத்துப் பெண், முதல் தமிழ்ப் படம், தமிழில் நாலு வார்த்தைகூடத் தெரியாது. இரண்டு பேரும் நேரில் பார்த்ததே இல்லை. ‘ழ’ கொஞ்சம் கூடிப்போச்சு என்று சகாயராணியின் காது உடனே குறை சொன்னது, ஏற்காட்டு பங்களாவில் அழுது களைத்த ஒருத்தி இவ்வளவு சுத்தமாக மழை என்பாளா, இன்னொரு டேக் கேட்டிருக்கலாம், அன்றைக்கு மணி ஒன்று ஆகியிருந்தது, பசி. பங்களா முதலாளி படுக்கையறையில் செத்துக் கிடக்கிறார், கதவு உள்ளே தாழ் போட்டிருக்கிறது, மனைவி யமுனாவா, வீட்டில் தங்கியிருக்கிற ஓவியனா, இரண்டு பேரும் சேர்ந்தா என்று ஓர் இன்ஸ்பெக்டர் தோண்டுகிறார். தோண்டத் தோண்டச் சாவை விடச் சல்லாபம்தான் அதிகமாக வெளியே வருகிறது, என்று எழுதியிருந்தார் ஒரு நாளிதழ்க்காரர். வந்த விமர்சனம் அத்தனையும் அவள் படித்துவிட்டாள். இத்தனை வருஷத்தில் ஒரு விமர்சனத்தையும் தேடிப் படித்தவளில்லை, அதில் அவளுக்கு என்ன இருக்கப்போகிறது. இந்த முறை ஒன்று விடாமல் படித்தாள். காரில் உட்கார்ந்துகொண்டே விமர்சனம் சொல்கிற மீசைக்காரர், குடும்பத்தோடு போய்விடாதீர்கள், தனியாகப் போங்கள், இரண்டு தடவை போங்கள் என்று கண்ணடித்தார். ஏதோ ஒரு அமைப்பு படத்தைத் தடை செய்யச் சொல்லி மனுக் கொடுத்தது, அதில் சைத்ராவின் பெயரைப் போட்டு, இந்தப் பெண் எங்கள் ஊர்ப் பக்கம் வரக்கூடாது என்றது. ஒரு வாரப் பத்திரிகையில் ஓர் அம்மாள், மரியாதையாக எழுதுகிறவர், நன்றாகப் படித்தவர், எழுதியிருந்தார்: தமிழ்ப் படத்தில் ஒரு பெண் படுக்கையில் உத்தரவு போட்டு நான் கேட்டதில்லை, ‘மெதுவா’ என்ற அந்த ஒற்றைச் சொல் உத்தரவு, தன் உடம்புக்குத் தானே முதலாளி என்று யமுனா அறிவிக்கிற இடம். அப்புறம் இன்னொருவர், படத்தைக் குப்பை என்று எழுதியவர், கடைசிப் பத்தியில் மட்டும் நின்று நிதானித்து, உடம்பு சைத்ராவுடையது, உயிர் அந்தக் குரலுடையது, ‘மெதுவா’ என்று சொன்ன அந்தக் குரல் யாருடையது என்று கேட்டிருந்தார். யாருடையது. இருபத்திரண்டு வருஷத்தில் ஒருத்தரும் கேட்டதில்லை. சனிக்கிழமைக் காலையில் அடுப்பில் பால் பொங்கி வழிந்தது தெரியாமல் அந்த வரியைப் பதினோரு தடவை படித்தாள். பன்னிரண்டாவது தடவை பாதியிலேயே நிறுத்திவிட்டு எழுந்துபோய் அடுப்பை அணைத்தாள். அந்தப் பதினோரு தடவையை என்ன செய்வது. அது இருந்தது இருந்ததுதான். அப்போது அவள் மனசு குளிர்ந்து போயிருந்தது என்பதை யாரிடம் மறைத்தாலும் தன்னிடம் மறைக்க முடியவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் மகள் ஜெனிட்டா கல்லூரியிலிருந்து வந்து போனை நீட்டினாள். அந்த ஒரு சொல்லை மட்டும் வெட்டி எடுத்து எதெதற்கோ ஒட்டியிருந்தார்கள். ஆட்டோ பள்ளத்தில் இறங்குகிறது, மெதுவா. கல்யாண வீட்டில் ஒருவர் சாம்பார் ஊற்றுகிறார், மெதுவா. “அம்மா, இது உன் வாய்ஸ்தானே? எங்க கிளாஸ்ல சொன்னா ஒருத்தரும் நம்பமாட்டேங்கறாங்க. ஒரு தடவை சொல்லும்மா, ரெக்கார்ட் பண்ணிக்கறேன்.” பெண்ணுக்கு வெட்கம் இல்லை, பெருமை. வெட்கப்பட்டிருந்தால்கூடத் தேவலை. “தலை வலிக்குது, போ” என்று சொல்லிவிட்டுச் சகாயராணி குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள், தண்ணீர் வாளி நிரம்பி வழியும்வரை.

இப்போது திரையில் இன்ஸ்பெக்டர் வந்துவிட்டார். ‘மெதுவா’வுக்கு இனி இருபது நிமிடம். எந்த நிமிடத்தில் எது வரும் என்று அவளுக்கு மனப்பாடம், நாலு நாள் அந்த இருட்டு அறையில் மைக்குக்கு முன்னால் நின்றவளாயிற்றே. வசனத்துக்கு மூன்று நாள், ரியாக்‌ஷனுக்கு ஒரு நாள். மூச்சு, விம்மல், முனகல், தூக்கத்தில் புரளுகிற சத்தம் எல்லாவற்றுக்கும் சேர்த்து அவர்கள் வைத்திருக்கிற பெயர் ரியாக்‌ஷன். முத்தத்துக்குத் தன் மணிக்கட்டுக்கு மேலே தானே உதட்டை வைத்து எடுக்க வேண்டும், அதற்காகவே அன்றைக்கு வளையல் போடாமல் போவாள். முனகும்போது மனசு வேறெங்காவது இருக்கும், காஸ் சிலிண்டர் வந்திருக்குமா, ஜெனிட்டா சாப்பிட்டிருப்பாளா. அதில் அவளுக்குக் கூச்சம் எப்போதோ போய்விட்டது, அது வேலை. அது மார்ச் மாதம், டப்பிங்கின் நாலாவது நாள், பத்து மணிக்கே ஆரம்பித்தார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சவுண்ட் என்ஜினியர் முபாரக், அவன் பக்கத்தில் டைரக்டர் கார்வண்ணன், கையில் பிளாஸ்க். ஹெட்போனில் படப்பிடிப்பில் எடுத்த சத்தம் ஓடும், பைலட் என்பார்கள், அதைக் கேட்டுத்தான் உதட்டுக்குத் தமிழை உட்கார வைக்க வேண்டும். இதுவரை எல்லாக் காட்சியிலும் சைத்ராவின் பைலட் என்பது யாரோ சொல்லிக் கொடுத்த தமிழைக் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிக்கிற குரல்தான், கொஞ்சம் கரகரப்பான, அடியிலிருந்து வருகிற குரல். ஓவியனோடு இருக்கிற அந்தக் காட்சியில் வசனமே இல்லை. மழைச் சத்தம், கட்டில் சத்தம், லைட்மேன் யாரோ இருமுவது. பிறகு அந்தக் குரல். பேடா. கொஞ்சம் விட்டு, இன்னும் தாழ்வாக, பேடா. திரையில் சைத்ராவின் முகம் கேமராவுக்கு வெளியே யாரையோ தேடித் திரும்பியது, ஓவியனாக நடித்தவனின் கை அதைத் திருப்பி வைத்தது. கட் என்று யாரும் சொல்லவில்லை. ஷாட் இன்னும் பதினைந்து விநாடி ஓடியது.

“அங்க என்னவோ உளறிடுச்சும்மா அந்தப் பொண்ணு, கன்னடத்துல” என்றார் கார்வண்ணன், பிளாஸ்க்கின் மூடியைத் திருகியபடி. “ஷாட் அருமையா வந்திருக்கு, தூக்க மனசில்ல. லிப் தெரியுது, அதான் பிரச்சினை. எதையாவது போட்டு மூடுங்க.” அவருக்குக் கன்னடம் தெரியாது. தெரியாது என்றுதான் அன்றைக்கு நினைத்தாள், இன்றைக்கு நினைக்கும்போது அந்த மூடியை அவர் அத்தனை நேரம் திருகிக்கொண்டிருந்தது ஏன் என்று தோன்றுகிறது. முபாரக்குக்கும் தெரியாது. அந்த அறையில் தெரிந்தது ஒரே ஒருத்திக்கு. சகாயராணி பிறந்தது கோலார் தங்கவயலில், அப்பாவுக்குச் சுரங்கத்தில் வேலை, பத்தாவது வரைக்கும் கன்னடம் படித்தவள், கடைக்கும் பஸ்ஸுக்கும் தெருச் சண்டைக்கும் கன்னடம் பேசி வளர்ந்தவள். பேடா என்றால் வேண்டாம். இதற்கு அகராதி தேவையில்லை. வேண்டாம் என்று போட்டாலும் உதட்டுக்குச் சரியாகவே உட்கார்ந்திருக்கும், கடைசி ‘ம்’மை விழுங்கிவிட்டால் போதும். ஆனால் அது வாய்க்கு வரவில்லை. வாய்க்கு வந்தது வேறு. அதுதான் இப்போது இந்த நாற்காலியில் உட்கார்ந்து அவளைத் தின்றுகொண்டிருக்கிறது, யாரும் அவளை வற்புறுத்தவில்லை, யாரும் அந்தச் சொல்லை எழுதிக் கையில் கொடுக்கவில்லை. பூட்டு ஒன்றைப் பார்த்ததும் சாவியைத் தேடுகிற கை மாதிரி அவள் மூளை தானாகத் தேடியது, உதடு மூடித் திறக்கணும், ‘ப’வுக்கு ‘ம’ போட்டால் தெரியாது, நடுவில் ‘ட’வுக்கு ‘த’, முடிவில் வாய் ஆவென்று. “மெதுவான்னு போட்டா அப்படியே உக்காரும் சார்.” சொன்னது அவள்தான். கார்வண்ணன் பிளாஸ்க்கை வைத்துவிட்டுக் கை தட்டினார். “நீங்கதாம்மா ரைட்டர்! சீனே மாறிப்போச்சு!” ஒரே டேக். இரண்டாவது பேடாவுக்கு ஒரு நீண்ட மூச்சு. ஹெட்போனைக் கழற்றி வைக்கும்போது அவளுக்கு இருந்தது திருப்தி. கணக்குப் போட்டு விடை வந்த திருப்தி.

கேட்கவில்லை என்று சொல்லலாமா. கேட்டது நடிப்பு என்று நினைத்தேன் என்று சொல்லலாமா. டைரக்டரே சொல்லிக்கொடுத்திருப்பார், யமுனா தயங்குகிற மாதிரி ஒரு நடிப்பு, கன்னடப் பெண் கன்னடத்திலேயே தயங்கிவிட்டாள் என்று. மூன்று நாளாக இந்தச் சமாதானங்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கிறாள், எதுவும் உட்காரமாட்டேன் என்கிறது. ஏனென்றால் காது பொய் சொல்லாது, அவள் காது மற்றவர்கள் காது மாதிரி இல்லை. ஆறாம் வகுப்பில் நாகரத்னா என்று ஒரு பெண், மதிய இடைவேளையில் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நாலு பேர் சேர்ந்து அவள் கையைக் காலைப் பிடித்துக் கிச்சுக்கிச்சு மூட்டினார்கள், நாகரத்னா பேடா பேடா என்று கத்திச் சிரித்தாள், எல்லாரும் சிரித்தார்கள், சகாயராணியும் ஒரு காலைப் பிடித்திருந்தாள். ஒரு பேடாவுக்கும் அடுத்த பேடாவுக்கும் நடுவில் எங்கேயோ சிரிப்பு நின்றுபோனது. சத்தம் அதேதான், சொல்லும் அதேதான், உள்ளே இருந்தது வேறு. மற்ற மூன்று பேருக்கும் தெரியவில்லை, இவளுக்குத் தெரிந்தது, இவள்தான் முதலில் காலை விட்டாள். பதினோரு வயதில் விட்டாள். நாற்பத்தாறு வயதில் விடவில்லை. சைத்ராவின் இரண்டாவது பேடாவில் சிரிப்பும் இல்லை, நடிப்பும் இல்லை, யமுனாவும் இல்லை. ஹாசன் பக்கத்துப் பெண் ஒருத்தி அத்தனை ஆம்பளைகள் நிற்கிற அறையில் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அதைக் கேட்ட ஒரே காதுக்குச் சொந்தக்காரி அதன் மேல் ஒரு வார்த்தையை வைத்து அழுத்தி மூடினாள், அதுவும் என்ன வார்த்தை. சும்மா ஒரு மூச்சைப் போட்டிருந்தால்கூட ஒன்றும் இல்லாமல் போயிருக்கும். மெதுவா என்றால் சம்மதம், சம்மதத்துக்கும் மேலே. அந்தச் சொல்லை வைத்துத்தான் படம் பார்த்த ஊர் யமுனாவைக் குற்றவாளி ஆக்கிவிட்டது, புருஷன் பக்கத்து அறையில் காய்ச்சலில் கிடக்கிறான், இவள் மெதுவா என்கிறாள், கொலையும் செய்திருப்பாள்.

மழை பெய்ய ஆரம்பித்தது, திரையில். அவள் நாற்காலியின் கைகளைப் பிடித்துக்கொண்டாள். பின்வரிசையில் ஒரு சலசலப்பு, “வருது, வருது, இருங்கடா” என்று ஒருவன் மற்றவர்களை அடக்கினான், மூன்று நாளில் எத்தனையாவது தடவை பார்க்கிறானோ. ஓவியன் விளக்கைத் தணித்தான். சகாயராணி திரையைப் பார்க்காமல் முன்சீட்டின் முதுகைப் பார்த்தாள், அதன் ரெக்சின் கிழிந்து பஞ்சு தெரிந்தது, அந்தப் பஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தால் கடந்துவிடும், பதினைந்து விநாடிதான். ஆனால் காதுக்கு இமை இல்லையே. மழைச் சத்தம், கட்டில் சத்தம், இப்போது அதோடு வயலினும் சேர்த்திருக்கிறார்கள். அப்புறம் அரங்கமே ஒரே குரலில், முன்னாலிருந்தும் பின்னாலிருந்தும், “மெதுவாஆஆ!” என்றது. விசில். கைதட்டல். யாரோ போனில் வெளிச்சம் அடித்துச் சுழற்றினார்கள். அந்தக் கூச்சலில் அவளுடைய சொல் கேட்கவே இல்லை, கூட்டத்தின் சொல்தான் கேட்டது, அவள் ஒருத்தி அன்றைக்கு மூடினாள், இப்போது இருநூறு பேர் சேர்ந்து மூடுகிறார்கள். பஞ்சிலிருந்து கண்ணைத் தூக்கிப் பார்த்தாள், பார்த்திருக்கக் கூடாது. சைத்ராவின் முகம் திரை முழுக்க, நாற்பது அடிக்கு, கேமராவைத் தாண்டி யாரையோ தேடித் திரும்பியது. தன்னையே நேரே பார்த்ததுபோல் இருந்தது. கூடவே சகாயராணியின் நீண்ட மூச்சு, வேலை தெரிந்தவள் கொடுத்த மூச்சு, எங்கே ஏற வேண்டும் எங்கே இறங்க வேண்டும் என்று பிசகாமல். பின்வரிசைக்காரன், “ஒன்ஸ்மோர்” என்று கத்தினான்.

இடைவேளை விட்டார்கள். எழுந்து வீட்டுக்குப் போய்விடலாம் என்று வந்தவள் கால் போன போக்கில் பெண்கள் கழிப்பறைப் பக்கம் ஒதுங்கினாள், கைகழுவும் இடத்தில் முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டாள். ஓரச் சீட்டில் பார்த்த இரண்டு பெண்களும் வந்தார்கள், இருபத்திரண்டு இருபத்துமூன்று வயசிருக்கும், ஒருத்தி சிவப்புக் குர்தா, இன்னொருத்தி கண்ணாடி போட்டவள். கண்ணாடிக்காரி கண்ணாடியைக் கழற்றித் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டே சொன்னாள், “எனக்கு என்னவோ மாதிரி இருந்துச்சுடி அந்த சீன். அவ கண்ணப் பாத்தியா? கண்ணு வேற என்னமோ சொல்லுது.”

“என்ன சொல்லுது?”

“பயந்துட்ட மாதிரி. யாரையோ ஹெல்புக்குத் தேடற மாதிரி.”

“அடிப் போடி. வாயால மெதுவான்னு சொல்றாளே, அப்புறம் என்ன பயம்? புடிச்சிருக்கப் போய்த்தானே சொல்றா.”

கண்ணாடிக்காரி யோசித்தாள். “அதுவும் கரெக்ட்தான். சொல்றாளே” என்றாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டாள்.

ஒரு பெண் பார்த்துவிட்டாள், அத்தனை பேரில் ஒருத்தி, பார்த்ததை நம்பக்கூட ஆரம்பித்துவிட்டாள், அதற்குள் சகாயராணியின் குரல் குறுக்கே வந்து அவளை அடக்கிவிட்டது, அதுவும் கரெக்ட்தான் என்று சொல்ல வைத்துவிட்டது. குழாய் ஓடிக்கொண்டிருந்தது. சகாயராணி அதை மூடினாள். “அவ மெதுவான்னு சொல்லலைம்மா” என்றாள்.

இரண்டு பேரும் திரும்பினார்கள். சிவப்புக் குர்தாவின் வாய் திறந்தபடி நின்றது. “ஆன்ட்டி... உங்க வாய்ஸு...”

“ஆமா, நான்தான். டப்பிங். அவ சொன்னது கன்னடத்துல. வேண்டாம்னு சொன்னா. நடிப்பு இல்ல, நெசமாவே சொன்னா. ரெண்டு தடவ சொன்னா. மெதுவாங்கறது நான் போட்டது.”

வெளியே பாப்கார்ன் இயந்திரம் படபடவென்று பொரிந்தது. சிவப்புக் குர்தா தன் சிநேகிதியின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள், அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல், ஒரு புகைப்படம் எடுக்கலாமா என்று நினைத்தவள்போல் போனைப் பாதி தூக்கிப் பிறகு இறக்கினாள். கண்ணாடிக்காரி மட்டும் அசையாமல் சகாயராணியின் முகத்தையே பார்த்தாள். “உங்களுக்கு அப்பவே புரிஞ்சுதா ஆன்ட்டி?”

“புரிஞ்சுது.”

“அப்புறம் ஏன்?”

லிப் உக்காந்துச்சு என்று சொல்ல வந்தாள். அது ஒன்றுதான் உண்மையான பதில், வேறு பதில் மூன்று நாளாகத் தேடியும் கிடைக்கவில்லை, ஆனால் அதை அந்தப் பெண்ணின் முகத்துக்கு நேரே சொல்ல முடியவில்லை. மணி அடித்தது. “அந்தப் பொண்ணுக்குத் தெரியுமா, நீங்க இப்படி சொல்றீங்கன்னு?” என்று கேட்டாள் கண்ணாடிக்காரி. சகாயராணி இல்லை என்று தலையாட்டினாள். “அவங்ககிட்டத்தானே ஃபர்ஸ்ட் சொல்லணும்” என்றாள் அந்தப் பெண், கோபம் எதுவும் இல்லாமல், வழி கேட்டவருக்கு வழி சொல்வதுபோல. பிறகு இரண்டு பேரும் போய்விட்டார்கள். உள்ளே போனார்களா, வெளியே போனார்களா என்று அவள் பார்க்கவில்லை.

அரங்கத்துக்கு வெளியே, வண்டி நிறுத்துகிற இடத்தை ஒட்டி, ஒரு சிமென்ட் கட்டை இருந்தது. அதில் உட்கார்ந்து முபாரக்கைக் கூப்பிட்டாள், சைத்ராவின் நம்பர் வேண்டும் என்றாள். “எதுக்குக்கா?” என்றான். “பேசணும்.” “மூணு மணிக்கு இங்க வரணும், மறந்துடாதீங்க. சாரோட அடுத்த படம், ஃபர்ஸ்ட் ரீல்.” “நான் வரல முபாரக். இனிமே அவர் படத்துக்கு வரல. அந்த பைலட் இருக்கா, அழிச்சிட்டியா?” “இருக்குக்கா” என்றான். “பத்திரமா வை.” நம்பர் வந்தது. வெயில் சிமென்ட்டைச் சுட்டது. அழைக்கலாமா, என்ன உரிமையில், அந்தப் பெண் எங்கே இருக்கிறாளோ, சாப்பிடுகிறாளோ, தூங்குகிறாளோ, சாயங்காலம் பேசலாம், நாளைக்குப் பேசலாம், முதலில் ஒரு செய்தி அனுப்பிக் கேட்கலாம். இப்படி ஒவ்வொரு நாளாகத் தள்ளினால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும், மார்ச்சிலிருந்து ஜூலைவரை தள்ளிப் பார்த்தவள்தானே. அழைத்தாள். நாலாவது மணியில் எடுத்தார்கள். ஹலோ என்றது அந்தக் குரல், கரகரப்பான, அடியிலிருந்து வருகிற குரல். உலகத்தில் அந்தப் படத்தைப் பார்த்தவர் யாருக்கும் தெரியாத குரல்.

சகாயராணி கன்னடத்திலேயே பேசினாள். முப்பது வருஷம் ஆகியும் அது நாக்கில் அப்படியே இருந்தது. “சைத்ராம்மா, என் பேரு சகாயராணி. உள்தாழ்ல உங்களுக்குத் தமிழ் பேசினது நான்.”

“அக்கா!” அந்தப் பக்கம் நாற்காலி நகர்ந்தது. “நீங்களா! எல்லாரும் உங்க குரலைத்தான் சொல்றாங்க. என் குரல்னு நெனச்சுச் சொல்றாங்க. நானே உங்களைக் கூப்பிட்டு நன்றி சொல்லணும்னு...” சட்டென்று நின்றாள். “நீங்க கன்னடம் பேசறீங்க.”

“தங்கவயல்ல பொறந்தேன். பள்ளிக்கூடத்துல கன்னடம்தான்.”

மூச்சு மட்டும் கேட்டது. மூச்சுகளைப் பற்றிச் சகாயராணிக்குத் தெரியாதது எதுவும் இல்லை, இது ஒருத்தி கணக்குப் போடுகிற மூச்சு, ஒன்றோடு ஒன்றைச் சேர்க்கிற மூச்சு.

“அப்ப அந்த இடம்,” என்றாள் சைத்ரா. “அது உங்களுக்குக் கேட்டிருக்கும்.”

“கேட்டுது. ரெண்டு தடவை. புரிஞ்சுது. புரிஞ்சும் அந்த வார்த்தையைப் போட்டேன். யாரும் சொல்லல, நானாத்தான் போட்டேன். மன்னிச்சிடும்மா. யார்கிட்ட வந்து சொல்லணுமோ சொல்றேன், சங்கத்துல, பத்திரிகையில, எங்க கூப்பிட்டாலும் வர்றேன்.”

“செட்ல முப்பது பேர் இருந்தாங்க அக்கா,” என்றாள் சைத்ரா. அவளிடம் அழுகை இல்லை. “எல்லாரும் தமிழ்க்காரங்க. ரூமுக்கு வந்து படுத்தப்புறம் நெனச்சேன், யாருக்கும் பாஷை புரியல, அதான். புரிஞ்சிருந்தா ஒருத்தராவது நிறுத்தியிருப்பாங்க. டிசம்பர்லேர்ந்து தெனமும் அதைச் சொல்லிக்கிட்டுத்தான் தூங்கறேன்.”

ஒரு பைக் வந்து நின்றது, ஒருவன் இறங்கிச் சுவரொட்டிக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டான். சகாயராணி போனை இன்னும் இறுக்கிக் காதோடு அழுத்தினாள். சொன்னால் பாரம் இறங்கும் என்று நினைத்துத்தான் வந்திருந்தாள், இந்தப் பெண்ணுக்கு மிச்சமிருந்த ஒன்றையும் பிடுங்கத்தான் அவள் வந்திருக்கிறாள் என்று இப்போதுதான் விளங்கியது. வைத்துவிடுவாள் என்று காத்திருந்தாள். வைத்திருந்தால் அதுவும் நியாயம்தான்.

“எங்கம்மா படத்தைப் பெங்களூர்ல பாத்தாங்க,” என்றாள் சைத்ரா. “பக்கத்துல இருந்த தமிழம்மா அந்த வார்த்தைக்கு அர்த்தம் சொல்லியிருக்காங்க. மூணு நாளா என் முகத்தைப் பாக்கறதில்ல. நான் அப்படிச் சொல்லலைம்மான்னு சொன்னேன். குரல் வேற யாருதாவே இருக்கட்டும், வாய் உன்னோடதுதானே, நீ சொன்னதைத்தானே அவங்க தமிழ்ல சொல்லியிருப்பாங்கங்கறாங்க.”

“நான் சொல்றேன். உங்கம்மாகிட்ட நான் சொல்றேன்.”

“இருங்க. சமையல் கட்டுல இருக்காங்க.”

செருப்புச் சத்தம் ஒரு வீட்டைக் கடந்து போனது. ஒரு கதவு. குக்கர் விசில். தாழ்ந்த குரலில் ஏதோ பேச்சு, மறுப்பு, மறுபடியும் பேச்சு. பாத்திரம் ஒன்றைக் கீழே வைத்தார்கள். பிறகு போன் கை மாறியது.

“யாரு?” என்று கேட்டார் அந்த அம்மா.

சகாயராணி முதலில் தன் பெயரைச் சொன்னாள்.